ஏட்டின்னா வந்துருவா

தேங்காயின் முதல் பாலைத் தனியாக எடுத்து மூடி வைத்தாயிற்று, இரண்டாம் பாலில் காய் வெந்துகொண்டிருக்கிறது, இனி சங்கரி வருவதற்குள் இவர் என்னை ஒரே ஒரு தடவை ஏட்டி என்று கூப்பிட்டுவிட்டால் போதும். சத்தமாகக் கூப்பிட வேண்டாம், வாய்க்குள் முனகினால்கூடப் போதும், அதைப் பிடித்துக்கொண்டு இன்றைய பொழுதை ஓட்டிவிடுவேன். சங்கரி எங்கள் மகள். பெங்களூரிலிருந்து வருகிறாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றாள், சொதி வை என்றாள், வைத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா திருந்திவிட்டார் என்பதுதான், திருந்தின அப்பாவைக் கண்ணால் பார்க்கத்தான் லீவு போட்டுவிட்டு வருகிறாள். திருந்தின அப்பா முன்னறையில் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட். வீட்டில் வேட்டியைத் தவிர வேறு எதையும் தொடாத மனுஷன் இப்போது காலையில் எழுந்ததும் பேண்ட் எங்கே என்று தேடுகிறார். இங்கே அடுப்படியிலிருந்து பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது, மீசையை அவரே கத்தரித்திருக்கிறார், முதுகு நிமிர்ந்திருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் இந்த வயதில் என்ன கம்பீரம் என்றுதான் சொல்வார்கள், என்னைப் பார்த்தால்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகத் தோன்றும். உப்புப் போட்டேனா? காய் போட்டபோது போட்டேன். இல்லை, அப்போது இஞ்சியைத் தட்டிக்கொண்டிருந்தேன், அப்புறம் போடலாம் என்று நினைத்தேன். நினைத்தது நினைவிருக்கிறது, போட்டது நினைவில்லை. இவருக்கு இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ என்று ஒரு நிமிஷம் கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறேன், நின்று என்ன செய்ய, முருங்கைக்காய் குழைந்துவிடும், தீயைக் குறைக்க வேண்டும்.

ஏட்டி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவளையும் கூப்பிடுவார்கள், கூடப் படித்தவளையும் கூப்பிடுவார்கள், வேலி தாண்டுகிற ஆட்டுக்குட்டியையும் அப்படிச் சொல்லித்தான் விரட்டுவார்கள். இவர் மகளை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அவள் எப்போதும் மக்கா, ஏட்டி எனக்கு மட்டும் என்று எழுதி வைத்த சொத்து. கல்யாணத்துக்கு அப்புறம் மறுவீட்டுச் சாப்பாடு, எங்கள் வீட்டுக்கூடத்தில் பந்தி, மாப்பிள்ளைக்கென்று அம்மா சொதி வைத்திருந்தாள், மறுவீட்டில் சொதி இல்லாவிட்டால் எங்களில் கல்யாணமே நடந்ததாகச் சேர்த்தி இல்லை. நான் பட்டுச்சேலையைப் பிடித்துக்கொண்டு தூண் பக்கம் நின்றேன். இவர் இஞ்சித் துவையலை விரலால் வழித்து வாயில் போட்டார், காரம் தலைக்கேறியது, இருமிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏட்டி, தண்ணி கொண்டா" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பந்தியே சிரித்தது. அத்தை ஒருத்தி, "பாத்தியா, அதுக்குள்ள உரிமை வந்துட்டு" என்று என் இடுப்பில் கிள்ளினாள். எனக்கு உரிமையும் தெரியவில்லை ஒன்றும் தெரியவில்லை, சுர்ரென்று கோபம்தான் வந்தது. ஆவுடையம்மாள் என்று எனக்கு ஒரு பேர் இருக்கிறது. அவருக்குக் குற்றாலத்துச் சாமி பேர், எனக்கு அந்தச் சாமி உட்காருகிற பீடத்தின் பேர், இப்படி ஒரு பேர்ப் பொருத்தம் யாருக்கு வாய்க்கும் என்று தரகர் குதித்துத்தான் இந்தச் சம்பந்தத்தை முடித்தார். வாய்த்து என்ன, அவர் என் பேரைச் சொன்னதில்லை, நான் அவர் பேரைச் சொன்னதில்லை. அவருக்கு நான் ஏட்டி, எனக்கு அவர் என்னங்க. எங்கேயாவது கேட்டால் குற்றாலத்துச் சாமி பேர் என்று சொல்லிவிட்டு நான் பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்ப்பேன், அவர்கள் சொல்லுவார்கள். இப்போதுகூட மனசுக்குள் சொல்லிப் பார்க்கலாம் என்றால் வரவில்லை, என் மனசுக்குள் யார் கேட்டுவிடப் போகிறார்கள், ஆனாலும் வரவில்லை.

மரியாதை தெரியாத மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஒரு தடவை அவர் டூட்டி பார்த்த ரயிலிலேயே நான் மதுரைக்குப் போனேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். தனியாக வந்த ஒரு அம்மாளிடம், "ஏம்மா, நீங்க எங்க எறங்கணும்? மேல ஏறிக் கஷ்டப்படாதிய, கீழ மாத்தித் தாரேன் இருங்க" என்கிறார். என்ன குழைவு, என்ன பதவிசு, எங்கள் வீட்டில் இல்லாத ஒரு ஆள் அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் இருந்தான். நாலு இருக்கை தள்ளி என்னிடம் வந்ததும், "ஏட்டி, பையக் குறுக்க போடாத, நடக்க வேண்டாமா?" ஊர் உலகத்துக்கு எல்லாம் நீங்க, எனக்கு மட்டும் ஏட்டி. எத்தனை சண்டை போட்டிருப்பேன். "பேரச் சொல்லிக் கூப்பிட்டா வாய் வெந்தா போகும்?" என்பேன். "கூப்பிட்டா வாரியா இல்லையா, அத மட்டும் பாரு" என்பார். வந்தேன். கூப்பிட்ட போதெல்லாம் வந்தேன். அப்படி இருந்தவர் இந்த ஐப்பசி மழையில் நான் கொடியில் கிடந்த துணிகளை ஓடி ஓடி எடுத்துக்கொண்டிருந்தபோது வாசல்படியில் நின்றுகொண்டு, "பாத்துப் போங்க, வழுக்கும்" என்றார். எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மறுநாள், "நீங்க சாப்பிட்டாச்சா?" அதற்கு அடுத்த நாள், "ஏன் நின்னுக்கிட்டே இருக்கிய, உக்காருங்க." பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட நான் இப்படிக் கூசிப் போனதில்லை. கேலி செய்கிறாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன், கேலி இல்லை. கோவிலில் ஏதோ சொற்பொழிவு நடந்தது, போய் வந்துகொண்டிருந்தார், அதில் யாரோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். காரணம் வேண்டுமா என்ன, கிடைத்ததை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே. சங்கரிக்குப் போன் போட்டேன். "யம்மா, நெசமாவா? ரிட்டயர் ஆகி இத்தன வருசத்துக்குப் பெறகாவது அப்பா திருந்திட்டாரே" என்று அவள் கத்தினாள், வாட்ஸப்பில் போட்டாள், புனேயில் எங்கள் மகனோடு இருக்கிற மருமகள் மாலை படமும் கைதட்டுகிற படமுமாக அனுப்பித் தள்ளினாள். நான் தினமும் பிச்சிப்பூ வாங்கினேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. என் கல்யாண வாழ்க்கையில் எந்த மாசங்கள் நன்றாக இருந்தன என்று யாராவது கேட்டால் அந்த மாசங்களைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

தீ குறைவாகத்தான் இருக்கிறது. பருப்பைக் கடைந்து விட்டாயிற்று, பச்சைமிளகாய் இஞ்சி அரைத்ததும் விட்டாயிற்று, கொதி வரட்டும். அவர் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டாரா? இல்லை, ஜன்னல் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார். பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் இதே நாற்காலி, இதே ஜன்னல். வெளியே தெருவில் ஏதோ லாரி போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நான் காப்பித் தம்ளரை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். "ஏம்மா, நீங்க எங்க எறங்கணும்?" என்றார். நான் சிரித்தேன். பழைய நினைப்பில் விளையாடுகிறார் என்று, "நீங்க எறங்குற எடத்துலதான்" என்றேன், எனக்கும் அந்த மாசங்களில் வாய் கொஞ்சம் நீண்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் கூட வரலையா? தனியாவா போறிய?" என்று கேட்டுவிட்டு, என் முகம் போன போக்கைப் பார்த்து, "பயப்படாதிய, நான் இந்தப் பெட்டியிலதான் இருப்பேன்" என்றார். அந்தக் குழைவு. அதே குழைவு. மதுரை ரயிலில் அந்த அம்மாளுக்குக் கிடைத்தது. அப்போதுதான் புரிந்தது, மாசக்கணக்காக எனக்கு வந்துகொண்டிருந்த மரியாதை எனக்கு வந்ததே இல்லை, யாரோ ஒரு பயணிக்கு வந்தது, நான் வாங்கி வாங்கித் தலையில் பூ மாதிரி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அவமானம்தான், எதற்கு மறைக்க வேண்டும்.

யாரிடம் சொல்ல? சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிக் கட்டிலில் கிடந்தபோது பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியே நின்று பேசினார்கள், நான் தூங்குகிறேன் என்று நினைத்தார்கள். "அப்பா எங்கூட இருக்கட்டும், அம்மாவ நீ கூட்டிட்டுப் போ" என்று சங்கரி அண்ணனிடம் சொன்னாள், அவன் "அதான் சரி" என்றான். கெட்ட எண்ணம் கிடையாது, தங்கமான பிள்ளைகள், ஆளுக்கொருவரைத் தாங்குகிறோம் என்கிறார்கள், நன்றாகத்தான் தாங்குவார்கள். ஆனால் பாத்திரம் பிரிக்கிற மாதிரி அண்டா உனக்குக் குத்துப்போணி எனக்கு என்று பிரித்தால், நான் புனேயில் உட்கார்ந்திருப்பேன், இவர் பெங்களூரில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். கண்ணெதிரில் இருக்கும்போதே என்னைத் தெரியவில்லை, கண்ணில் படாமல் போனால் ஒரு மாசத்தில் நான் இருந்த தடம்கூட இருக்காது. அதற்காகத்தான் இந்த ஏட்டி வேண்டும். இப்போது ஒரு தடவை வந்தால் சங்கரி வந்தபின்னும் வரும், அவள் காது கேட்க வந்துவிட்டால் அவள் தலையில் அடித்துக்கொண்டு, திருந்தவும் இல்லை ஒன்றும் இல்லை, நீ சும்மா சொல்லியிருக்கிறாய் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். இங்கேயே கிடக்கலாம் நாங்கள் இரண்டு பேரும். கிடக்கிற லட்சணமும் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ராத்திரி அவர் முன்னறையில்தான் படுக்கிறார். உள்ளே வாங்க என்றால், "லேடீஸ் படுக்கிற எடம், நான் எப்பிடி வர?" என்கிறார். நான் அலமாரியில் துணி எடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அன்றைக்கு முழங்கால் வீங்கியிருக்கிறதே என்று தைலத்தை எடுத்துக்கொண்டு காலடியில் உட்கார்ந்தேன், வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார், "வேண்டாம்மா, நாலு பேர் பாத்தா தப்பா நெனப்பாவ, உங்களுக்குத்தான் கெட்ட பேரு." என் புருஷன் காலைத் தொட்டு நான் கெட்ட பேர் வாங்கிவிடுவேனாம். அடுப்படிக்கு வந்து நின்று சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தேன், கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. தொட்டு எத்தனை நாளாயிற்று என்று இந்த வயதில் யாரிடம் போய்ச் சொல்வேன். தொடுதல் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, சட்டைக் காலரை மடித்துவிடுவது, முதுகில் ஒட்டின முடியை எடுத்துப்போடுவது, தம்ளரைக் கொடுக்கும்போது விரல் படுவது. இப்போது தம்ளரைக்கூட அடியில் பிடித்து வாங்குகிறார், விரல் படாமல்.

நேராகவே சொல்லிப் பார்த்தேன். "என்னங்க, நான்தான் உங்க சம்சாரம்." என்னங்க என்றால் திரும்புவதில்லை, அது ஒரு பேரா, தெருவில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுகிற சத்தம். முன்னால் போய் நின்று சொன்னேன். அவர் முகத்தில் பயம் வந்தது, அக்கம்பக்கம் பார்த்தார், பெட்டியில் வேறு யாராவது கேட்டுவிட்டார்களோ என்கிற மாதிரி. "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்று மெதுவாகச் சொன்னார், "எனக்கு வீட்ல ஆள் இருக்கு." அந்த வீட்டு ஆள் நான்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை, "அவுக பேரு என்ன?" என்று கேட்டேன். யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கையை விரித்து விரித்து மூடிக்கொண்டு, பாவமாக இருந்தது, உதட்டை அசைத்துப் பார்த்தார், இல்லாத ஒன்றை எங்கிருந்து எடுப்பார், வைத்திருந்தால்தானே எடுக்க. கடைசியில் சிரித்துவிட்டார். "பேரா? ஏட்டின்னா வந்துருவா." அவ்வளவுதான். எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். "வீட்லதான் இருப்பா. கோவக்காரி. மூக்குக்கு மேல கோவம். ஆனா நான் போகாம சாப்பிட மாட்டா, அதான் வெரசா போகணும்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் சாப்பிடாமல் காத்திருந்தது எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னிடம் சொல்லாததை என்னைப் பற்றி இந்த அம்மாளிடம் சொல்கிறார். எனக்கு அந்த வீட்டுக்காரிமேல் பொறாமையாக வந்தது. இந்த அம்மாளின்மேலும் பொறாமையாக வந்தது, அவளுக்குத்தானே உட்காருங்க, பாத்துப் போங்க எல்லாம் கிடைக்கிறது. இரண்டு பேரும் நான்தான், இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறவளுக்குத்தான் ஒன்றும் இல்லை. "என் பேர் ஆவுடை" என்று சொன்னேன். "நல்ல பேரு" என்றார். இத்தனை காலத்தில் முதல் தடவையாக என் பேரைப் பற்றி ஒரு அபிப்பிராயம். அந்தப் பேரை அவர் முன்னாலேயே வாயில் போட்டு நாலு தடவை புரட்டியிருந்தால் இன்றைக்கு எங்கேயாவது ஒட்டிக்கொண்டு இருந்திருக்கும். நானும்தான் என்ன, அவர் பேரைச் சொல்லியிருந்தால் இப்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவது திரும்ப வைக்கலாம்.

காலையிலிருந்து நான் செய்த கூத்துக்களைச் சங்கரி பார்த்திருந்தால் எனக்குத்தான் வைத்தியம் பார்க்கச் சொல்லியிருப்பாள். ஏட்டி எப்போது வரும்? கோபத்தில் வரும். அப்படியானால் கோபத்தைக் கிளப்ப வேண்டியதுதான். தினத்தாளை அவருக்கு முன்னால் பிரிக்கக் கூடாது, பிரித்தால் வீடு இரண்டாகும், அதனால் நான் முதலில் பிரித்து, நடுப்பக்கத்தை உருவி, கசக்கி, தாறுமாறாக மடித்து மடியில் போட்டேன். "நீங்க படிச்சுட்டே தாங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். காப்பியில் சர்க்கரையை அள்ளிப் போட்டேன், மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு, "நல்லா இருந்துதும்மா" என்றார். அவர் குளிக்கும்போது துண்டை எடுத்து ஒளித்தேன், கதவு இடுக்கு வழியாக, "யாராவது இருக்கியளா? ஒரு துண்டு கெடைக்குமா?" என்று ஒரு குரல், விருந்தாளி மாதிரி, கூச்சத்தோடு. துண்டைக் கொடுத்துவிட்டு நான் சுவரில் சாய்ந்து நின்றேன். என்ன பெண்டாட்டி நான். அந்தக் காலத்தில் இதில் பாதி செய்திருந்தால் தெரு முக்குவரை கேட்டிருக்கும், ஏட்டி அறிவிருக்கா என்று, நானும் பதிலுக்கு விட்டிருக்க மாட்டேன், எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள். அந்தச் சண்டைகளை எல்லாம் நான் கஷ்டம் என்று நினைத்தேன். இந்தா, கொதி வந்துவிட்டது. முதல் பாலை ஊற்ற வேண்டும். ஊற்றினபின் கொதிக்க விடக் கூடாது, ஓரத்தில் நுரை கட்டினதும் இறக்கிவிட வேண்டும், கொஞ்சம் அசந்தாலும் திரிந்துவிடும். அம்மா இந்த நேரத்தில் யாரையும் அடுப்படிக்குள் பேசவே விட மாட்டாள். ஊற்றுகிறேன், கரண்டியால் மெதுவாகத் துழாவுகிறேன், தேங்காய் வாசனை எழும்புகிறது. இந்த வாசனைக்காவது. மூக்குக்கு நினைவு அதிகம் என்கிறார்களே, அன்றைக்கு அந்த இலை முன்னால் உட்கார்ந்து முதன்முதலாகக் கூப்பிட்டது இந்த வாசனையில்தானே. முன்னறைவரை போகட்டும் என்று அடுப்படிக் கதவை இன்னும் அகலமாகத் திறக்கிறேன். உப்பு. உப்புப் போட்டேனா? ருசி பார்த்துவிட வேண்டியதுதான். வெளியே ஆட்டோ நிற்கிற சத்தம். கேட் திறக்கிறது. வந்துவிட்டாள், வந்துவிட்டாள், இன்னும் ஒன்றும் ஆகவில்லை, நான் என்ன செய்ய.

"ஏட்டி!"

என் காலுக்குத்தான் முதலில் கேட்டது. கரண்டி கையில் இருக்கிறது, முந்தானை இடுப்பில் செருகியபடி இருக்கிறது, நான் ஓடுகிறேன், "இன்னா வந்துட்டேன், இன்னா வந்துட்டேங்க" என்று கத்திக்கொண்டே ஓடுகிறேன், கரண்டியிலிருந்து பால் தரையெல்லாம் சொட்டுகிறது. அதே குரல், முரட்டுக் குரல், ஆட்டை விரட்டுகிற குரல், என் சாமி, வந்துவிட்டது. முன்னறை வாசலில் அவர் எழுந்து நிற்கிறார். முதுகு எனக்கு. "எங்கட்டி போய்த் தொலஞ்ச இம்புட்டு நேரம்? ஒருத்தன் காத்துக்கிட்டு கெடக்கானே, அறிவிருக்கா?" வாசற்படியில் சங்கரி நிற்கிறாள். தோளில் பை, தலைமுடியைச் சுருட்டி உச்சியில் கொண்டை போட்டிருக்கிறாள். அது நான் போடுகிற கொண்டை. என் நெற்றி, என் மூக்கு, நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷங்களில் எனக்கு இருந்த உடம்பு. சங்கரி சிரிக்கிறாள், "என்னப்பா, திருந்திட்டியன்னு அம்மா சொன்னா, வரும்போதே ஏட்டிங்கிய? நான் சங்கரிப்பா" என்கிறாள். அவர் காதில் விழவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார். முகம் உடனே மாறிவிட்டது, குழைந்துவிட்டது, கதவு ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். "பாத்தும்மா, பைய வாங்க, கீழ சிந்தியிருக்கு" என்றார். பிறகு அவளிடம் திரும்பி, பழைய அதட்டலில், "ஏட்டி, என்ன பாத்துக்கிட்டே நிக்க? அந்தம்மாவுக்கு மொதல்ல இலையப் போடு. காலையில இருந்து அடுக்களையில நிக்காவ, பச்சத் தண்ணி குடிக்கல. யாரு பெத்த பொம்பளயோ, பாவம், நமக்காவ கெடந்து வேல பாக்காவ."

சங்கரியின் பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுகிறது. அவள் அப்பாவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், என் கையில் சொட்டுகிற கரண்டியைப் பார்க்கிறாள். நான் சிரித்துச் சமாளித்திருக்க வேண்டும். எத்தனை நாள் ஒத்திகை பார்த்தேன், முகம் கேட்கவில்லை. "யம்மா" என்று அவள் உதடு மட்டும் அசைகிறது. வேண்டாம், இப்போது வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். எல்லாம் முடிந்தது, ராத்திரி அண்ணனுக்குப் போன் போகும், பிரிப்பார்கள், பிரித்துக்கொள்ளட்டும், அது ராத்திரி. அவள் என் மகள்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் குரலிலேயே, "இன்னா போடுதேங்க" என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்கிறது. மேஜையில் இலை விழுகிறது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்கிறார். அவர் சாப்பிட்டு எழுந்திருக்காமல் நான் இந்த வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்ததில்லை. உட்காருகிறேன். என் கையிலிருந்த கரண்டியை, விரல் படாமல், பதவிசாக வாங்கிக்கொள்கிறார். சோறு வைக்கிறார். சங்கரி கொண்டுவந்த பாத்திரத்திலிருந்து சொதியை அள்ளி ஊற்றுகிறார். திரிந்துதான் போயிருக்கிறது, தண்ணீர் தனியாகவும் பால் தனியாகவும் இலையில் ஓடுகிறது. பிசைந்து ஒரு வாய் வைக்கிறேன். உப்பு இல்லை. போடவே இல்லை. அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்து, "உப்பு ஒறப்பெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்கிறார். சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டுகிறேன். என் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்து அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார், இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"வெக்கப்படாம சாப்பிடுங்கம்மா" என்கிறார். "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, நினைத்துக்கொண்டு, சாப்பிடுகிறேன்.